கல் என்று சொல்லிவந்த பதினோரு வருடம்

தேன்மொழி, சரவணா,

இதை உங்கள் இருவருக்காகத்தான் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், அப்புறம் மலாய்ப் பள்ளியில் மூன்று வருடம், அவ்வளவுதான் என் படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிடலாம் என்று பலமுறை உட்கார்ந்து பார்த்தேன். நான் ஆரம்பித்தாலே "சரிப்பா, விடுங்கப்பா" என்று இரண்டு பேரும் எழுந்துவிடுகிறீர்கள். காகிதத்தில் எழுதினால் கடைசிவரை சொல்லிவிடலாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நாளைக்கு உங்களை ஒரு டாக்டர் கேட்பார், "உங்கள் வீட்டில் யாருக்காவது பெரிய நோய் இருந்ததா?" என்று. அப்போது நீங்கள் சரியான பதிலைச் சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் விட்டது போல விட்டுவிடக் கூடாது.

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். வலது கட்டைவிரலின் நுனி லேசாகச் சிவந்து வீங்கியது. வேன் கதவை இழுத்துச் சாத்தும்போது எங்காவது இடித்திருப்பேன் என்று நினைத்தேன். காலையிலும் மதியமும் உலு திராமில் தாமான் தாமானாக, ஒவ்வொரு குடியிருப்பாக நுழைந்து பதினெட்டுப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவனுக்கு விரலில் அடிபடுவது புதிதா? ஒரு வாரத்தில் நகத்தைச் சுற்றி வீங்கி, தொட்டால் சுடத் தொடங்கியது. உங்கள் அம்மா பார்த்த உடனே சொல்லிவிட்டாள்.

"நகச்சுத்துங்க இது. எலுமிச்சம்பழத்த சொருகி வைங்க. ரெண்டு நாள்ல பழுத்து உடைஞ்சிரும்."

பழத்தின் ஒரு முனையை வெட்டி, உள்ளே குடைந்து, கொஞ்சம் மஞ்சளும் உப்பும் வைத்து விரலில் மாட்டிவிட்டாள். எரிச்சலில் கண்ணில் நீர் வந்தது. மறுநாள் அந்தப் பழத்தோடுதான் வேன் ஓட்டினேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

"அங்கிள், எலுமிச்சங்கா ஊறுகா போடுறீங்களா?"

"அலமாக், அங்கிள் விரல் ஜூஸ் வருது!"

நானும் சிரித்தேன். ஏழெட்டுப் பழம் மாறியது. விரல் பழுக்கவும் இல்லை, உடையவும் இல்லை. வீக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒன்று மட்டும் எனக்கு விநோதமாக இருந்தது. விரல் துடித்தது. நெஞ்சு எப்படித் துடிக்கிறதோ அதே கணக்கில், அதே நேரத்தில். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது இதயத்தையே கையில் பிடித்திருப்பது போல இருக்கும். நகச்சுற்று என்றால் வலி இருக்கும், துடிக்கவும் துடிக்கும், எல்லாருக்கும் வருவதுதான் என்று விட்டுவிட்டேன்.

தேனு, நீதான் பிடிவாதமாகக் கடைவரிசையில் இருக்கும் கிளினிக்குக்கு இழுத்துப் போனாய். கவுண்டரில் ஒரு அட்டை கொடுத்தார்கள். என்னால் பேனா பிடிக்க முடியாது, விரலில் துணி சுற்றியிருந்தது. நீ எழுதினாய். பெயர், ஐசி என்கிற அடையாள அட்டையின் எண், மருந்து ஒத்துக்கொள்ளாதது ஏதாவது உண்டா, எல்லாம் எழுதிவிட்டுத் தலையைத் தூக்கினாய்.

"பா, பழைய ஆப்பரேஷன் கேக்குறாங்க. கல்லுதானே?"

"ஆமா" என்றேன்.

ஒரு சொல். நீ உன் அழகான கையெழுத்தில், மலாயில், சிறுநீரகக் கல் என்று எழுதினாய்.

அந்தக் கல்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் எனக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. வலியே இல்லை. ஸ்கேன் எடுத்ததில் இடது சிறுநீரகத்தில் கட்டி, அது கேன்சர் என்றார்கள். அந்தப் பக்கத்துச் சிறுநீரகத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள். கட்டி வெளியே பரவவில்லை, அதிர்ஷ்டம் என்றார்கள். தேனு, உனக்கு அப்போது பன்னிரண்டு வயது, பெரிய பரீட்சை வருடம். சரவணனுக்கு எட்டு வயது. பரீட்சை முடியட்டும், சொல்லலாம் என்று அம்மாவும் நானும் பேசிவைத்தோம். அதுவரைக்கும் கல் என்று சொல்லுவோம் என்றோம். கல் ஆப்பரேஷன் என்றால் யாரும் பயப்பட மாட்டார்கள்.

பரீட்சை முடிந்தது. நாங்கள் சொல்லவில்லை. அம்மாவுக்கு வேறு ஒரு பயம் இருந்தது. "பொம்பளப் புள்ள இருக்கிற வீடு. கேன்சர் குடும்பம்னு பேரு வந்துட்டா, நாளைக்கு எவன் வந்து கேப்பான்?" என்பாள். அவளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கப் பிடிக்கவில்லை. கோயிலில் விசாரித்தவர்களிடம் கல் என்றேன். வேன் ஓட்டுகிற சிநேகிதர்களிடம் கல் என்றேன். வருடா வருடம் வந்து ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஐந்து வருடம், வேனை சர்வீஸுக்கு விடப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போய்வந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆறாவது வருடம் போகவில்லை. ஏன் போகவில்லை என்று இப்போது யோசித்தால், பயம் போனதால் அல்ல. சொல்லிச் சொல்லி எனக்கே அது கல்லாகிவிட்டது. கல்லை எடுத்தவன் எதற்கு ஸ்கேனுக்குப் போக வேண்டும்?

கிளினிக் டாக்டர் நல்ல மனிதர். அவர்மேல் தப்பே இல்லை. அட்டையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், மாத்திரை கொடுத்தார். மாத்திரைக்கு வீக்கம் அடங்கவில்லை. இரண்டாவது முறை போனபோது சீழைக் கீறி எடுத்துவிடலாம் என்றார். கீறினார். சீழ் வரவில்லை, ரத்தம்தான் வந்தது. அந்த விரல் நுனியில் அவ்வளவு ரத்தம் எங்கே இருந்தது என்று அவரே திகைத்தார். நர்ஸ் மிஸ்ஸி பஞ்சை மாற்றி மாற்றி வைத்து அழுத்தினாள். அரைமணி நேரம் கழித்துத்தான் நின்றது. மேசைமேல் இருந்த அட்டையை டாக்டர் மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"வேறு ஏதாவது நோய் இருந்ததா? யோசித்துப் பாருங்கள்" என்று கேட்டார்.

நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய், தேனு. என் இடது கையைப் பிடித்திருந்தாய். "இல்லை" என்றேன்.

அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள். நான் சொல்லாததால் இன்னும் இரண்டு மாதம் போனது. தைப்பூசத்துக்கு அம்மா பால்குடம் எடுக்கும்போது நான் கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வாரமே கிளினிக் டாக்டர் கடிதம் கொடுத்து ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

பெரிய ஆஸ்பத்திரி என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த நாற்காலிகள்தான். நான்கு நான்காகச் சேர்த்துப் பிணைத்த இரும்பு நாற்காலிகள். ஒருவர் எழுந்தால் மற்ற மூவரும் ஆடுவார்கள். விடியும் முன்னே போய் நம்பர் எடுத்தாலும் நம்மை அழைக்கும்போது மதியம் ஆகிவிடும். ஆட்கள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, தங்கள் நம்பரைத் தவறவிட்டுவிடுவோமோ என்று பயந்து, திரையைப் பார்த்தபடியே சாப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் சாப்பிட்டேன், இடது கையால். நமக்கு இடது கையால் சாப்பிடுவது கூச்சம் அல்லவா? பக்கத்தில் இருந்த மலாய் அம்மா ஒருவர் என் கட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தன் பையிலிருந்து ஒரு கரண்டியைத் துடைத்துக் கொடுத்தார். இன்றைக்கும் அது நம் சமையலறையில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க அவரைப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

எக்ஸ்ரேயை டாக்டரம்மா வெளிச்சத்தில் காட்டினார். அவர் மலாயில் பேசியதை நான் நம் மொழியில் எழுதுகிறேன். மற்ற விரல்களில் நுனி எலும்பு அம்பு முனை போலத் தெளிவாக இருந்தது. கட்டைவிரலில் மட்டும் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. எறும்பு தின்ற பிஸ்கட் போல ஓரம் மட்டும் மிச்சம்.

"இது கிருமி வேலையாக இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம். கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்" என்றார்.

விரலை மரத்துப்போக வைத்து, அரிசி அளவுக்குச் சதை எடுத்தார்கள். அதைக் கண்ணாடியில் வைத்து, பெரிதாக்கும் கருவியில் பார்த்து, எந்த வகை உயிரணு என்று சொல்வார்கள். பத்து நாள் ஆகும் என்றார்கள். அது என்ன என்று அந்தப் பத்து நாளும் எனக்குத் தெரியும். யாரும் சொல்லாமலே தெரியும். வேன் ஓட்டும்போது இடது விலாவில் இருக்கும் பழைய தழும்பைச் சட்டைக்கு மேலாகத் தடவிக்கொண்டே இருந்தேன்.

முடிவு சொல்லும் நாள் வந்தது. தேனு, நீ வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாய். அந்த அறையில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் சரவணனுக்கு முழுதாகத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

டாக்டரம்மா மெதுவாகத்தான் சொன்னார். "இந்தக் கட்டி விரலில் பிறந்தது இல்லை. இந்த உயிரணுக்கள் சிறுநீரகத்தின் உயிரணுக்கள். சிறுநீரகக் கேன்சர் வழக்கமாக நுரையீரலுக்கு, எலும்புக்கு, ஈரலுக்கு, மூளைக்குப் போகும். கை விரல் நுனிக்கு வருவது மிக அபூர்வம். ஆனால் வரும். உங்களுக்கு முன்பு சிறுநீரகத்தில் என்ன இருந்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய். "கல் டாக்டர். கல் மட்டும்தான்."

"நன்றாகத் தெரியுமா?"

"தெரியும் டாக்டர். எல்லா ஃபாரமும் நான்தான் எழுதினேன். எங்கப்பாவுக்குக் கேன்சர் இருந்ததே இல்ல. யாரோடதோ மாறி வந்திருக்கு. தயவுசெஞ்சு பேரு பாருங்க, ஐசி நம்பர் பாருங்க."

அவர் பொறுமையாகப் பார்த்தார். எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார். நம்முடையதுதான். நீ விடவில்லை. திரும்பவும் சோதிக்கச் சொன்னாய். இப்படி எத்தனை பேருக்கு மாற்றிக் கொடுக்கிறீர்கள் என்று குரலை உயர்த்தினாய். கதவருகே மிஸ்ஸி எட்டிப் பார்த்தாள். உன் வாழ்க்கையில் நீ பெரியவர்களிடம் அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. எனக்காகச் சண்டை போட்டாய். என் பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு, அதுதான் உண்மை என்று நம்பி எனக்காகச் சண்டை போட்டாய்.

அந்த நேரத்தில் வியாதியைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"தேனு" என்றேன். "கல்லு இல்லம்மா."

நீ திரும்பினாய். "எது கல்லு இல்ல?"

"அது கல்லு இல்ல. அப்பவே கேன்சர்தான். கிட்னியவே எடுத்துட்டாங்க."

நீ அழவில்லை. கையில் இருந்த பேனாவுக்கு மூடி போட்டாய். டாக்டரம்மா எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்து உன் முன்னால் வைத்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தன் நாற்காலியை எங்கள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எந்த வருடம்? எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.

விரலை எடுக்க வேண்டிவரும் என்றார். நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். முன்னாடியே சொல்லியிருந்தால் விரல் தப்பித்திருக்குமா என்று. "அது யாருக்கும் தெரியாது. ஆனால் முதல் நாளே எக்ஸ்ரே எடுத்திருப்போம். இப்போது இனிமேல் செய்ய வேண்டியதைப் பார்ப்போம்" என்றார்.

வெளியே வந்ததும் நீ கேட்டாய்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தம்பிக்கு?"

"தெரியாது."

"அப்ப நான் மட்டும் லூசு மாதிரி உள்ள கத்திக்கிட்டு இருந்தேனா?"

நீ நடந்து போய்விட்டாய். விட்டுவிட்டுப் போய்விட்டாய் என்றே நினைத்தேன். பத்து நிமிடம் கழித்து பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் டீ, இரண்டு தே ஐஸ் பொட்டலத்தோடு வந்தாய். எனக்கான பொட்டலத்தில் ஸ்ட்ராவை நீயே குத்தி, பையின் கயிற்று முடிச்சை என் இடது கையில் மாட்டிவிட்டாய். உலு திராம் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த ஸ்ட்ராவைக் குத்திக் கொடுத்தாய்.

வீட்டுக்கு வந்ததும் நடந்தது இது. அம்மா முழுதாகக் கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, சரவணன்கிட்ட நகச்சுத்து முத்திப்போச்சு, விரல எடுக்கணும்னு சொல்லிக்கலாம். பையன் ஸ்கூடாய்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சிக்கிட்டு இருக்கான். இப்பத்தான் பரீட்சை..." என்று ஆரம்பித்தாள்.

"மறுபடியுமாம்மா?" என்றாய் நீ.

அவ்வளவுதான். போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசை நடுவில் வைத்தாய். சரவணா, மறுமுனையில் நீ "என்னாக்கா?" என்று கேட்டதும் அவள் போனை என் பக்கம் தள்ளினாள். என்னையே சொல்ல வைத்தாள். நான் சொன்னேன். கேட்டு முடித்ததும், "நான் மோட்டர்ல கிளம்பி வரேன்" என்றாய். "மழை பெய்யுது, நாளைக்கு வாடா" என்றாள் அம்மா. நீ மோட்டர்சைக்கிளில் நனைந்துகொண்டு அன்றைக்கே வந்தாய்.

அடுத்து உடம்பு முழுக்க ஸ்கேன். பெரிய வளையத்துக்குள் படுக்க வைத்து உள்ளே தள்ளுவார்கள். கையில் ஏற்றும் மருந்து உடம்பெல்லாம் சூடாக ஓடும், மூத்திரம் போய்விட்டதோ என்று சந்தேகம் வரும். போகாது, பயப்படாதீர்கள் என்று முன்னாடியே சொல்லிவிடுகிறார்கள். அந்த ஸ்கேனில் இன்னொன்று தெரிந்தது. கழுத்தில், குரல்வளைக்கு முன்னால், வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சுரப்பி இருக்கிறது. தைராய்டு என்பார்கள். உடம்பின் சூட்டையும் வேகத்தையும் பார்த்துக்கொள்கிற சுரப்பி அது. அதன் வலது சிறகில் கொட்டைப் பாக்கு அளவுக்கு ஒரு கட்டி. ஊசி குத்திப் பார்த்ததில் அதுவும் சிறுநீரகத்திலிருந்து வந்ததுதான். நுரையீரலில் இல்லை. ஈரலில் இல்லை. மூளையில் இல்லை.

இது எப்படி பதினோரு வருடம் கழித்து, எங்கோ இருக்கிற கட்டைவிரலுக்கும் கழுத்துக்கும் வரும் என்று நான் கேட்டேன். டாக்டரம்மா சொன்ன பதில் எனக்குப் புரிந்தது, உங்களுக்கும் புரியும். சிறுநீரகம் என்பது நாள் முழுக்க ரத்தத்தை வடிகட்டுகிற இடம். அங்கே பிறந்த கேன்சர் ரத்தத்தில் சுலபமாக ஏறிக்கொள்ளும். ஒன்றிரண்டு அணுக்கள் எங்கேயாவது இறங்கி, பல வருடம் தூங்கும். ரத்தம் போகாத இடம் உடம்பில் இல்லை. அதனால் அது இறங்க முடியாத இடமும் இல்லை. என் விரல் துடித்ததும், கீறியபோது அப்படி ரத்தம் கொட்டியதும் அதனால்தான். அந்தக் கட்டி ரத்தத்திலேயே வாழ்கிற கட்டி.

"ஸ்கூல் பஸ் மாதிரி" என்றேன் நான். "எந்த ஸ்டாப்ல எறங்குமோ தெரியாது."

அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

ஒரே நாளில் இரண்டு ஆப்பரேஷன். கழுத்தில் சுரப்பியின் பாதியை எடுத்தார்கள். கட்டைவிரலை நடு மூட்டில் எடுத்தார்கள். உள்ளே போவதற்கு முன்னால் அம்மா, "ஐசிக்கு ரேகை வைக்கணுமேங்க, கட்டைவிரல் இல்லாம என்னா பண்றது?" என்று கவலைப்பட்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு வந்த கவலை அது! "இடது கை இருக்குலா" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் என் வலது கையை எடுத்து, கட்டுப் போட்ட அந்த விரலைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அதை உங்களிடம் சொல்ல எனக்குக் கூச்சம்தான். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு சீன அங்கிள். கண் விழித்ததும் நான் கேட்ட முதல் குரல் அவருடையது. மலாயில், வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"ஏ தம்பி, நீ எந்தக் கேன்சர்?"

நம் ஆட்கள் புதிதாக ஒருவரைப் பார்த்தால் எந்த எஸ்டேட் என்று கேட்பார்களே, அப்படிக் கேட்டார். என் தொண்டையில் குழாய் இருந்த வலி, குரல் வரவில்லை. விலாவைத் தொட்டுக் காட்டினேன். "ஓ, கிட்னி! நான் குடல். ரெண்டு தடவ. நீ எத்தன தடவ?" இரண்டு விரல் காட்டினேன். "சரிதான். நாம ரெண்டு பேரும் சீனியர்" என்றார். வருகிறவர்களிடம் எல்லாம் என்னை அப்படித்தான் அறிமுகம் செய்துவைத்தார். கிட்னி, இரண்டாம் தடவை, உலு திராம். பதினோரு வருடம் நான் வாயில் எடுக்காத சொல்லை அவர் ஒரு நாளில் இருபது தடவை சொன்னார். முதலில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மூன்றாம் நாள் ஒன்றுமே தோன்றவில்லை.

பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது. ஒவ்வொரு நாளும் விசிட்டர் நேரம் முடிந்து நீங்கள் மூவரும் கதவைத் தாண்டிப் போகும்போது வரும். தேனு அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். சரவணன் திரும்பிப் பார்ப்பான். இந்தக் காட்சியை இன்னும் எத்தனை தடவை பார்ப்பேனோ என்று தோன்றும். தோன்றினால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

சரவணா, நீ அதிகம் பேசாத பிள்ளை. நான்காம் நாள் நீ மட்டும் வந்தாய். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நகம் வளந்திருச்சுப்பா" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து நகவெட்டியை எடுத்தாய். இடது கையில் ஐந்து. வலது கையில் நான்கு. ஒவ்வொன்றாக, உள்ளங்கையை உன் முழங்காலில் வைத்துக்கொண்டு வெட்டினாய். கடைசி நகம் முடிந்ததும் உன் கை தானாகக் கட்டைவிரல் பக்கம் போய், கட்டின்மேல் நின்றது. நீ அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாய். நான் உன்னைப் பார்க்கவில்லை. நீயும் என்னைப் பார்க்கவில்லை.

இந்தக் காலத்தில் நம் வேனை ஓட்டியது, என்னைப் போலவே பள்ளி வேன் வைத்திருக்கும் ரஹிம் அண்ணன். தன்னுடைய வேன் பிள்ளைகளை முதலில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து நம் பிள்ளைகளை ஏற்றினார். பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை. நான் கல் என்று பொய் சொன்னவர்களில் அவரும் ஒருவர். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உண்மையைச் சொன்னேன். "அடப்பாவி, பதினோரு வருசமா என்கூட தினமும் டீ குடிச்சியே" என்று மலாயில் திட்டினார். திட்டிவிட்டு, தலையணையைச் சரிசெய்தார்.

இப்போது தினம் மாத்திரை. கட்டிக்கு ரத்தம் போகிற வழியை அடைக்கிற மருந்து அது. உள்ளங்கால் எரியும், வயிறு ஓடும், ரத்த அழுத்தம் ஏறும், சாப்பாட்டில் ருசி இருக்காது. அம்மா ரசத்தில் மட்டும் ஏதோ செய்து ருசி வரவைத்துவிடுகிறாள். முடி எல்லாம் வெள்ளையாகிவிட்டது. கொட்டவில்லை, வெளுத்துவிட்டது, புருவம்கூட. வேனுக்குத் திரும்பிய முதல் நாள் பிள்ளைகள் பேசாமல் ஏறி உட்கார்ந்தார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திதான் கேட்டாள்.

"அங்கிள், உங்க விரல் எங்க?"

எனக்குப் பழைய பழக்கம் வாய் வரைக்கும் வந்தது. கதவில் மாட்டிக்கொண்டது என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"கேன்சர் வந்துச்சு. எடுத்துட்டாங்க" என்றேன்.

"வலிச்சதா?"

"ஊசி போட்டாங்க. வலிக்கல."

"ஓ." கொஞ்சம் யோசித்தாள். "அங்கிள், இவன் பெல்ட் போடல."

அவ்வளவுதான்! பதினோரு வருடம் நான் தூக்கிச் சுமந்ததை அவள் அப்படி இறக்கி வைத்துவிட்டு, பக்கத்து சீட்டுப் பையனைக் காட்டிக்கொடுக்கப் போய்விட்டாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். சென்ற மாதம் எடுத்ததில் புதிதாக எதுவும் இல்லை. குணமாகிவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். இப்போதைக்கு இல்லை என்றார்கள். இது எங்கே வேண்டுமானாலும் இறங்கும் என்பதால் உடம்பில் எது புதிதாக வந்தாலும் சொல்ல வேண்டும் என்றார்கள். சொல்லுகிறேன். கொப்புளம் வந்தால்கூட உங்களிடம் சொல்லிவிடுகிறேன், நீங்களே சலித்துப்போகும் அளவுக்கு. நீங்களும் அப்படியே இருங்கள். சிறுநீரில் ரத்தம் கண்டால், வலி இல்லை என்று விடாதீர்கள். டாக்டர் கேட்டால் அப்பாவுக்குச் சிறுநீரகக் கேன்சர் என்று சொல்லுங்கள். தேனு, உன்னைக் கேட்டு வருகிறவர்களிடமும் சொல். அதைக் கேட்டுவிட்டுப் போகிறவன் போகட்டும். அம்மாவும் இப்போது இதையேதான் சொல்கிறாள்.

ஸ்கேன் முடிவு வந்த மறுநாள், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, நான் வீட்டுக்கு வரவில்லை. எங்கே போனீர்கள் என்று அம்மா கேட்டபோது சாப்பிடப் போனேன் என்றேன். அந்தக் கடைசிப் பொய்யையும் இங்கே திருத்திவிடுகிறேன்.

கடைவரிசை கிளினிக்குக்குப் போனேன். அப்போதுதான் கதவைத் திறந்திருந்தார்கள், யாரும் இல்லை. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் என் அட்டையைக் கேட்டேன். உடம்பு சரியில்லையா என்றாள். இல்லை, அதில் ஒன்று தப்பாக இருக்கிறது, மாற்ற வேண்டும் என்றேன். தேடி எடுத்துக் கொடுத்து, பேனாவையும் கொடுத்தாள்.

தேனு, உன் எழுத்து அப்படியே இருந்தது. நேராக, கோடு போட்டது போல. நான் அதன்மேல் ஒரு கோடு இழுத்தேன். கட்டைவிரல் நுனி இல்லாமல் பேனா வழுக்கியது. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிப் பிடித்துக்கொண்டேன். அதன் கீழே, முதல் வகுப்புப் பிள்ளை எழுதுவது போலக் கோணல்மாணலாக, பெரிய எழுத்தில் சிறுநீரகக் கேன்சர் என்று எழுதி, வருடத்தையும் போட்டேன். மை காயும்வரை ஊதினேன். பிறகு அட்டையை அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வேனை எடுத்தேன்.